உஷார்! கீமோ போட்டவருக்குக் காய்ச்சலா? விடியும்வரை காத்திருக்காதீர்கள்

கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாரம் கழித்து ராத்திரியில் உடம்பு சுடுகிறது. ஒரு பாரசிட்டமாலைக் கொடுத்து, "காலையில பாத்துக்கலாம்" என்று படுக்க வைக்கிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மாத்திரை சூட்டை மறைக்கும், கிருமியைக் கொல்லாது.

பல கீமோ மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள் ரத்தத்தின் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அவற்றில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே போனால், பாக்டீரியா மட்டுமல்ல, பூஞ்சையும் நுரையீரலுக்குள் குடியேறலாம். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் விதைத்துகள்களை நாம் எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். தடுக்க அணுக்கள் இல்லாதவரின் நுரையீரலில் அவை முளைத்து, இழை விட்டு, ரத்தக்குழாயையே துளைக்கும். இருமினால் ரத்தம் வரலாம். தீவிர ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம்.

நிமோசிஸ்டிஸ் என்று இன்னொரு பூஞ்சை. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களைக் குறிவைப்பது. வறட்டு இருமல், லேசான காய்ச்சல், அவ்வளவுதான் தெரியும். படுத்திருக்கும்போது நன்றாக இருப்பவர் பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்குவார். ஆக்சிஜன் அளவும் நடந்தால் சட்டென்று இறங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். அதை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். இதைத் தடுக்கத்தான் கோட்ரைமாக்சசோல் மாத்திரை எழுதித் தருகிறார்கள். 'தெம்பாத்தானே இருக்கார்' என்று அதை நீங்களாக நிறுத்தவே கூடாது.

தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் எந்த நேரமானாலும் கிளம்புங்கள். காய்ச்சலே இல்லாமல் மூச்சு வாங்கினாலும் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "கீமோ நடக்குது, போட்டு இத்தனை நாள் ஆச்சு" என்று சொல்லி ஃபைலைக் காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். அது ஏறி நாலைந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லையா? பூஞ்சையாக இருக்குமோ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேலக்டோமேனன் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது, வோரிகோனசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. தாமதமானால்தான் அவையும் கைகொடுப்பதில்லை.

பூஞ்சையின் விதைத்துகள்கள் தூசியோடு கிளம்பும் என்பதால், வீட்டில் சுவர் இடிப்பது, பரண் ஒதுக்குவது, தொட்டி மண்ணைக் கிளறுவது எல்லாம் சிகிச்சை முடியும்வரை தள்ளிப்போகட்டும். தள்ளிப்போட முடியாத வேலையென்றால் அவரை வேறு வீட்டில் தங்க வையுங்கள். பக்கத்து அறையில் கதவைச் சாத்திவைத்தால் போதாது, தூசி அங்கேயும் வரும்.