ஓடாத காருக்கும் வயது ஏறும்!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியது என்ன?

"20 வருஷத்தில் 60 ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கிறது. மழையில் நனைந்ததில்லை, வெயிலில் காய்ந்ததில்லை."

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர்கள் பெருமையோடு சொல்லும் வார்த்தை இது. கேட்பவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார்.

ஆனால், விஷயம் தெரிந்த மெக்கானிக் இதைக் கேட்டு மயங்க மாட்டார். "கடைசியாக பெல்ட் மாற்றியது எந்த வருஷம்?" என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

ஏன் அப்படி?

ரப்பர் பட்டையில் உயிர்

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி தயாரித்த "944" காரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 1982-ல் விற்பனைக்கு வந்த இந்தக் கார், 1991 வரை தயாராயிற்று. எஞ்சின் முன்னால் இருக்கிறது. கியர் பெட்டி பின்னால் இருக்கிறது. இதனால் பாரம் இரு புறமும் ஏறக்குறைய சமமாக விழுகிறது. வளைவுகளில் கார் தரையை விடாமல் பற்றிக்கொண்டு ஓடும். "911" வாங்க வசதியில்லாத பலர் இந்தக் காரை விரும்பி வாங்கினார்கள்.

இந்த எஞ்சினின் உயிர் ஒரு ரப்பர் பட்டையில் இருக்கிறது. அதுதான் டைமிங் பெல்ட். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் அதுவே இணைக்கிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 தடவை சுற்றும்போது, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. வால்வு கீழே இறங்கும் நேரத்தில் பிஸ்டன் விலகியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு தவறாமல் பார்த்துக்கொள்வது பெல்ட்டின் வேலை.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? வால்வு திறந்தபடியே நின்றுவிடும். பிஸ்டன் மேலே வந்து அதில் மோதும். கண் இமைக்கும் நேரத்தில் வால்வுகள் வளைந்துவிடும். பழுது பார்க்கும் செலவு, கார் வாங்கிய விலையையே எட்டிவிடுவதும் உண்டு.

எல்லாக் காரும் ஒன்றல்ல

1989-ல் வந்த ஜப்பானின் மஸ்தா "எம்.எக்ஸ்-5" காரில் இந்த அபாயம் இல்லை. அதில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதுவதில்லை. கார் வழியில் நின்றுவிடும்; அவ்வளவுதான்.

இத்தாலியின் பெராரி "எப்-355" விஷயமே வேறு. பெல்ட்டை முறைப்படி மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

மீட்டர் மட்டும் போதாது

ரப்பருக்கு ஓட்டம் மட்டும் எதிரி அல்ல, காலமும் எதிரிதான். கொட்டகையில் சும்மா நிற்கும் காரிலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். எனவே "இத்தனை கிலோ மீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அது" என்பதே பராமரிப்பின் பொது விதி. 944 காரை நன்கு அறிந்தவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு வருமாறு:

டைமிங் பெல்ட்: 3 அல்லது 4 ஆண்டு, அல்லது சுமார் 50 ஆயிரம் கிலோ மீட்டர். பக்கத்தில் ஓடும் இன்னொரு சிறிய பெல்ட்டையும் கூடவே மாற்ற வேண்டும். அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினாலும் அதே ஆபத்துதான். தண்ணீர் பம்பைச் சுழற்றுவதும் டைமிங் பெல்ட்டே. ஆகவே பம்பையும் அப்போதே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

எஞ்சின் ஆயில்: ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது 8 ஆயிரம் கிலோ மீட்டர். அடிக்கடி மிகக் குறைந்த தூரமே ஓடும் காரில், எஞ்சின் நன்றாகச் சூடேறாததால் ஆயிலில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும்.

பிரேக் ஆயில்: 2 ஆண்டு. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். "டாட்-4" என்ற ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேட் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலைப் பாதையில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால், மிதித்த பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது!

டயர்: பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். "2315" என்றால் 2015-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பத்து ஆண்டு கடந்துவிட்டால், பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

ரசீது எங்கே?

பழைய காரை வாங்கும்போது ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். "போன வருஷம்தான் மாற்றினேன்" என்ற வாய்ச்சொல் போதாது. ரசீது இல்லாவிட்டால், வேலை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நீண்ட பயணத்துக்கு முன்பே பெல்ட், ஆயில், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். அந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பதே முறை.

பெல்ட் அறுந்த பிறகு மெக்கானிக்கைத் தேடி ஓடுவது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போலத்தான்!