மருந்து கேட்காத மனச்சோர்வு

நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர் "இனி எதுவும் விளங்காது, நான் எதுக்கும் லாயக்கில்லை" என்றால், அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. மழை பொய்க்கிறது, கண்மாய் வறள்கிறது, வட்டி ஏறுகிறது. அவர் சொல்வது சரிதானே என்றே தோன்றும். இந்தக் கரிசல் பக்கம் மனச்சோர்வு கண்ணில் படாமல் போக இதுவே முதற்காரணம் என்பேன். மிளகாய் இந்த ஆண்டு கருகியது என்பது நிலவரம். "கருகியது என்னால்தான், இனி எந்த வருசமும் தேறாது, நான் இல்லாவிட்டால் வீடு நிம்மதியாக இருக்கும்" என்பது நோய் சேர்த்த கணக்கு. தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் ஒரேயடியாக இருளும் இந்தப் போக்கை அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் விரிவாக விளக்கினார்.

இரண்டு வகை மருந்துகளைச் சரியான அளவில், போதிய வாரங்கள் கொடுத்தும் தேறாவிட்டால்தான் அதை எளிதில் தீராத மனச்சோர்வு என்கிறார்கள். அளவு குறைவா, பாதியில் நிறுத்தினாரா, தைராய்டு கோளாறா, குடிப்பழக்கமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அதற்குப் பிறகும் தீராதவர்களிடம் இந்த எண்ணப்போக்கு சிகிச்சையையே விழுங்கிவிடுகிறது. "இந்த மாத்திரை கேக்கல" என்பது "எனக்கு எதுவுமே கேக்காது" என்றாகிறது. மருத்துவமனைக்குப் போவது நிற்கிறது. ஆகவே மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவது போதாது. 2013இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மருந்தில் தேறாத 469 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு எண்ணப்போக்கைச் சீராக்கும் பேச்சு சிகிச்சையும் தரப்பட்டது. ஆறு மாதத்தில் அவர்களில் 46 சதவீதத்தினருக்கு நோய்க்குறிகள் பாதிக்குமேல் குறைந்தன. மற்றவர்களில் 22 சதவீதத்தினருக்கே.

பேசினால் கடன் அடையுமா என்று கேட்கலாம். அடையாது. ஆனால் பயிர்க் காப்பீட்டுக்கு மனு கொடுக்க எழுந்து நடந்தாக வேண்டும். அந்த நடையைத்தான் இந்நோய் பறிக்கிறது. இவ்வூர்களில் உளவியலாளருக்கு எங்கே போவது என்ற கேள்வி இன்னும் வலுவானது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் ஆலோசனை தந்தார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதத்தினர் மீண்டார்கள், அது கிடைக்காதவர்களில் 39 சதவீதத்தினர் என்று 2017இல் முடிவு வெளியானது. மருந்தில் தேறாதவர்களைத் தனியே எடுத்துச் செய்த ஆய்வல்ல அது. அவர்களுக்கு மனநல மருத்துவர் வேண்டும். ஆனால் அவர்களை அடையாளம் கண்டு, சிகிச்சையை விட்டுவிடாமல் பிடித்துவைக்க உள்ளூர் ஆளால் முடியும். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களுக்கு இந்தப் பயிற்சியையும் அரசு தர வேண்டும். அதுவரை, 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.