மூச்சின் விலை

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அழகையும் புகழாதார் இல்லை. சுவாமி மலையின் ஏற்றத்தைக் கடந்து கோணேசர் கோயில் வாயிலில் நிற்போருக்குக் கடற்காற்று நெஞ்சை நிறைக்கும். ஆனால் அவ்வேற்றத்தில் பத்தடி வைப்பதற்குள் நின்று நின்று மூச்சு வாங்குவோரும் உளர். அதனை முதுமை என்று அவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர்; ஊரார் முட்டு வருத்தம் என்பர். அவருட் பலரிடம் வைத்தியர் காண்பது நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாகும்.

பீடி, சுருட்டு, சிகரெட்டு என்பன இதன் முதற் காரணங்கள். புகைபோக்கியில்லாத குசினியில் விறகு எரிக்கும் பெண்களையும் இந்நோய் விடுவதில்லை. முன்னர் வந்து மாறிய காசநோயின் வடுவும் சிலருக்குக் காரணமாகும். சிதைந்த நுரையீரல் மீண்டும் புதிதாவதில்லை. ஆகவே, இருக்கும் மூச்சைக் காப்பதற்கு எதில் பணத்தைச் செலவிடுவது என்பதே குடும்பத்தாருக்கும் அரசுக்கும் எழும் வினா. இலங்கையில் அரசினர் வைத்தியசாலைச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் வெருகலிலிருந்து நகருக்கு வரும் பஸ் செலவும், இழந்த ஒருநாட் கூலியும் இலவசம் என்ற சொல்லுக்குள் அடங்கா.

நலமாக வாழும் ஓராண்டை நோயாளிக்குக் கூட்டித் தருவதற்கு ஒரு சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகின்றது என்று கணக்கிடுவது அறிஞர் வழக்கம். 2010களில் இலண்டன் சுவாச நோய் வைத்தியர்கள் இவ்வாறு கணக்கிட்டனர். புகைப்பழக்கத்தை விடுவிக்கும் ஆலோசனையும் மருந்தும் சேர்ந்து ஏறத்தாழ 2,000 பவுண். நடையும் தேகப்பயிற்சியும் கொண்ட சுவாசப் புனர்வாழ்வு 2,000 முதல் 8,000 பவுண் வரை. தொலைவிலிருந்து கருவிகளால் நோயாளியைக் கண்காணிப்பதோ 92,000 பவுண்! அமெரிக்காவில் நுரையீரலின் சிதைந்த பகுதியை வெட்டி நீக்கும் சத்திரசிகிச்சைக்கு, மூன்றாண்டுக் கணக்கில், 1,90,000 டொலர் ஆகுமென 2003இல் அறிவிக்கப்பட்டது. இத்தொகைகளை அப்படியே ரூபாவாக்கி நம் நாட்டிற்குக் கொள்ளலாகாது. எனினும் வரிசை சிந்திக்கத்தக்கது: பளபளக்கும் கருவியைவிடக் கடற்கரையில் ஒழுங்காக நடக்கும் நடை மலிவாகப் பயன் தருகின்றது.

விலை குறைந்ததெல்லாம் சிக்கனமென்றும் எண்ணலாகாது. தியோபிலின் மிக மலிவான மாத்திரை. உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட் மருந்தோடு அதனைச் சிறிய அளவிற் சேர்த்தால் நோய் முற்றும் தடவைகள் குறைவதில்லை என 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. ஆயினும் வைத்தியர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துவது ஆபத்து.

குடும்பங்களைப் பெரிதும் அலைக்கழிப்பது பிராணவாயு. 1981இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் அதனைப் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுக்குள் 19 பேர் இறந்தனர். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தனர். குருதியிற் பிராணவாயு மிகவும் குறைந்தவர்களுக்கு இஃது ஆயுளைத் தருவது உண்மை. ஆனால் குறைவு மிதமாக இருந்தோருக்கு இதனால் நன்மை இல்லையென 738 பேரைக் கொண்டு 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. 15 மணி நேரத்தை 24 மணியாக நீட்டினாலும் மேலதிகப் பயன் இல்லையென 2024இல் சுவீடன் ஆய்வு கூறிற்று. எனவே அளந்து பாராமல் உருளையை வாங்குவது வீண் செலவு. 6,800 லீற்றர் கொள்ளும் பெரிய உருளை, நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் வீதம், நாளுக்கு 15 மணி நேரம் விட்டால் நான்கு நாளும் நில்லாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் அதனைப் படகுப்பாதையில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பிரித்துத் தரும் மின்கருவிக்கு அந்த அலைச்சல் இல்லை. நாளடைவிற் செலவும் குறையும். மின்சாரம் நின்றால் மட்டும் அது வெறும் பெட்டியாகிவிடும். ஆகவே அவசரத்துக்குச் சிறிய உருளை ஒன்று அருகில் இருப்பது வேண்டும்.

பிராணவாயு தீயை மூண்டெரியச் செய்யும். கருவி இருக்கும் அறையில் பீடி பற்றவைப்பதும், குழாயை மூக்கில் மாட்டியவாறே அடுப்பருகில் அமர்வதும் முகத்தையே சுட்டுவிடக் கூடியவை.