சிகிச்சை முடிந்தபின் கள்ளு குடிக்கலாமா?

சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள்ளு கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டியேறிப் போகிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களிலும் மூணாறு, பீர்மேடு எஸ்டேட் லயங்களிலும் ஒரு நம்பிக்கை உண்டு: பிராந்திதான் கெடுதல், கள்ளு உடம்புக்கு நல்லது. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வந்தவரிடமும், “தெம்புக்குக் கொஞ்சம் குடி” என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

காரணம் இதயம். மார்பகப் புற்றுக்கும் சில ரத்தப் புற்றுகளுக்கும் ஏற்றும் டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து, புற்றணுக்களோடு இதயத் தசையையும் தாக்கக்கூடியது. போன தசை திரும்ப வளர்வது மிக அரிது. அதனால்தான் ஒருவருக்கு ஆயுளுக்கும் இவ்வளவுதான் என்று கணக்கு வைத்து ஏற்றுகிறார்கள். இடது மார்பில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். மதுவும் இதே இதயத்தைத்தான் குறிவைக்கிறது: ரத்த அழுத்தத்தை ஏற்றும், துடிப்பைத் தாறுமாறாக்கும், அதிகமாகவும் நெடுநாளும் குடித்தால் தசையைத் தளர்த்திவிடும்.

கள்ளு லேசானது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆறு சதவீதச் சாராயச் சத்துள்ள 650 மில்லி கள்ளில் சுமார் 30 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 60 மில்லி பிராந்தியில் இருப்பது சுமார் 20 கிராம்தான்.

‘அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது’ என்று சொன்ன பழைய ஆய்வுகளில் பெரிய ஓட்டை இருந்தது. நோய் வந்து குடியை விட்டவர்களையும் குடிக்காதவர்கள் கணக்கில் சேர்த்ததால், குடிப்பவர்கள் ஆரோக்கியமாகத் தெரிந்தார்கள். மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றது உலக சுகாதார நிறுவனம், 2023-இல்.

ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடு விடவேண்டும். கேரள அரசின் விமுக்தி திட்டத்தில் இதற்கென மையங்கள் இருக்கின்றன.

எல்லையோரத்தில் இன்னொரு சிக்கல். பாலக்காட்டிலிருந்து கோவைக்கும், இடுக்கியிலிருந்து தேனி, மதுரை, கோட்டயத்துக்கும் சிகிச்சைக்குப் போகிறோம். என்ன மருந்து ஏறியது என்பது ஊர் டாக்டருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எப்போது எடுக்கவேண்டும் என்று கேளுங்கள். மேடேறும்போது புதிதாக மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ, களைப்பு என்று விட்டுவிடாமல் அந்தச் சீட்டோடு போய்க் காட்டுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.