எழுத்து தள்ளிப் போகும் வயது



ஃபஜ்ருக்குப் பிறகு ஓத உட்காரும் பெரியவர்கள் சிலர் குர்ஆனைக் கை நீட்டித் தள்ளிப் பிடிப்பதை எந்தப் பள்ளிவாசலிலும் பார்க்கலாம். அது நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்ந்து கொடுக்கும். வயது ஏற ஏற இறுகிவிடும். அதனால்தான் 40 வயதை ஒட்டிச் சிறிய எழுத்து மங்குகிறது. கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். பவர் கூடுவது வயதால்தான், கண்ணாடியால் அல்ல.

குழந்தைகள் விஷயம் வேறு. பிறந்த குழந்தைக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெரியும், அதாவது பால் கொடுக்கும் தாயின் முகம். பிறகு மூளையோடு சேர்ந்துதான் பார்வை வளர்கிறது. ஒரு கண் மங்கலாக இருந்தால் மூளை அதை ஒதுக்கிவிடும். 7, 8 வயதுக்குள் கண்டுபிடித்தால் மீட்பது எளிது. ஆனால் பிள்ளை தானாகச் சொல்லாது. இன்னொரு கண்தான் நன்றாகத் தெரிகிறதே! மதரஸாவில் சேர்க்கும் முன் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். பச்சைக் குழந்தைக்குச் சுருமா வேண்டாம். சில வகைகளில் ஈயம் இருக்கிறது.

“நன்னி இப்போது கண்ணாடி இல்லாமலே ஓதுறாங்க, மாஷா அல்லாஹ்” என்று சில வீடுகளில் சந்தோஷப்படுகிறார்கள். 60 வயதுக்கு மேல் கிட்டப்பார்வை திடீரென்று தெளிந்தால், பெரும்பாலும் அது கண்புரையின் தொடக்கம். புரை ‘முற்றட்டும்’ என்று காத்திருந்த காலம் போய்விட்டது. முன்பு அறுவைக்குப் பின் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் ஆரோலேப் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியதும், ஏழைகளுக்கும் அது எட்டியது.

புரையால் போன பார்வை பெரும்பாலும் திரும்பும். கண் நீர் அழுத்த நோயில் போனது திரும்பாது. வலி இருக்காது, ஓரப் பார்வை மெல்லக் குறையும். அத்தா, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. ரமலானில் நோன்பு முறிந்துவிடும் என்று அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தைச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. சந்தேகம் இருந்தால் இமாமிடம் கேளுங்கள், மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.