படகு வீட்டில் மின்சாரம்: இன்வேற்றரும் அதன் எல்லைகளும்

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களிற் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், நிலக்கரி முதலிய சரக்குகளை ஏற்றிச் செல்லும் பொருட்டு வெட்டப்பட்டவை. ஜேம்ஸ் பிரின்ட்லி முதலான பொறியியலாளர் அமைத்த ஒடுங்கிய மடைகள் ஏறத்தாழ 7 அடி அகலமும் 72 அடி நீளமும் கொண்ட படகுகளுக்கே இடந்தந்தன. இன்று அக்கால்வாய்களிற் சரக்குப் போக்குவரத்து அருகிவிட்டது. எனினும் அதே அகலத்திற் கட்டப்பட்ட உருக்குப் படகுகளைப் பலர் தம் நிரந்தர இல்லமாகக் கொண்டு வாழ்கின்றனர்.

இவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கரையிற் சொந்தமான தரிப்பிடம் இல்லை. 1995 ஆம் ஆண்டின் பிரித்தானிய நீர்வழிகள் சட்டத்தின்படி, அத்தகையோர் பொதுவாக ஓரிடத்தில் 14 நாள்களுக்கு மேற் தொடர்ந்து தங்குதல் ஆகாது. இடம்விட்டு இடம்பெயரும் வீட்டிற்கு மின்கம்பி தொடர்ந்து வருதல் இயலாது. ஆகவே தமக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் அவர்கள் படகிலேயே பெற்றுச் சேமித்துச் செலவிட வேண்டியுள்ளது. கடையில் வாங்கிய சாதாரண வீட்டுச் சாதனங்களை இந்நிலையில் இயக்குவதற்குத் துணையாவதே ‘இன்வேற்றர்’ என்னுங் கருவி. அக்கருவி எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனால் ஆவதும் ஆகாததும் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இன்வேற்றரின் தொழில்

படகிலுள்ள மின்கலவடுக்கு, அதாவது பற்றரி, 12 வோல்ற்று நேரோட்டத்தைத் தருவது. வீட்டுச் சாதனங்களோ 230 வோல்ற்றில், விநாடிக்கு 50 சுற்றுகளுடைய ஆடலோட்டத்தை வேண்டுவன. இன்வேற்றர் இவ்விரண்டிற்கும் இடையே நின்று முன்னையதைப் பின்னையதாக மாற்றுகின்றது. அதனுள்ளே இருக்கும் குறைகடத்தி ஆளிகள் பற்றரியின் ஓட்டத்தை மிக விரைவாகத் திறந்து மூடுகின்றன. நிலைமாற்றி அழுத்தத்தை உயர்த்துகின்றது. இறுதியில் நேரும் மறையுமாக மாறிமாறி வரும் ஓட்டம் வெளிப்படுகின்றது.

வெளிப்படும் அலையின் வடிவம் கவனிக்கத்தக்கது. தரமான கருவிகள் மின்வலையமைப்பில் உள்ளதைப் போன்ற தூய சைன் வளையியைத் தருவன. மலிவானவை படிப்படியாக ஏறி இறங்கும் சதுரத் தன்மையுடைய அலையைத் தருவன. மின்குமிழ், வெப்பச்சுருள் போன்றவற்றிற்கு இவ்வேறுபாடு பெரிதன்று. ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் சதுர அலையில் இரைச்சலுடன் ஓடிக் கூடுதலாகச் சூடாகும். சலவை இயந்திரத்தின் மின்னணுக் கட்டுப்பாடு பிழையாக நடந்துகொள்ளவுங் கூடும். ஆகவே மோட்டரோ நுண்ணிய மின்சுற்றோ உள்ள சாதனங்களுக்குத் தூய சைன் அலைக் கருவியே ஏற்றது.

இங்கே நாம் அழுத்திக் கூற வேண்டியது ஒன்றுண்டு. இன்வேற்றர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதன்று. உள்ளதை வடிவம் மாற்றித் தருவது மாத்திரமே. அம்மாற்றத்திலும் ஒரு பங்கு வெப்பமாக இழக்கப்படுகின்றது. வினைத்திறன் நூற்றுக்குத் தொண்ணூறு எனக் கொண்டால், சாதனத்திற்கு 90 வாற்று சேர்வதற்குப் பற்றரி 100 வாற்றினைக் கொடுத்தாக வேண்டும். ‘இந்த இன்வேற்றர் எந்தச் சாதனத்தை இயக்கும்?’ என்று வினவுவோர் பலர். ‘நாளொன்றுக்கு எவ்வளவு சக்தி வேண்டும், அது எங்கிருந்து வரும்?’ என்பதே முதலில் வினவத்தக்கது.

பன்னிரண்டு வோல்ற்றின் விலை

வலு என்பது அழுத்தத்தினதும் ஓட்டத்தினதும் பெருக்கம். அழுத்தம் குறையின், அதே வலுவிற்கு ஓட்டம் பெருகியே தீரும். 2000 வாற்று மின்கேத்தல் ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8.7 அம்பியரையே எடுக்கும். அதே கேத்தலை இன்வேற்றர் மூலம் இயக்கும்போது 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 185 அம்பியர் பாயவேண்டும். பிரித்தானிய வீடுகளிற் பெரிதும் வழங்கும் 3000 வாற்றுக் கேத்தலாயின் அது 278 அம்பியராகும்.

இவ்வோட்டத்தைக் கம்பிகள் தாங்குமா என்பதைக் கணித்துப் பார்ப்போம். இன்வேற்றர் பற்றரியிலிருந்து 2 மீற்றர் தூரத்தில் உள்ளது எனக் கொண்டால், போக்கும் வரவுமாகக் கம்பியின் மொத்த நீளம் 4 மீற்றர். குறுக்குவெட்டு 10 சதுர மில்லிமீற்றர் கொண்ட செப்புக்கம்பியின் தடை ஏறத்தாழ 0.0069 ஓம். அதனூடாக 185 அம்பியர் பாயின் 1.27 வோல்ற்று வீழ்ச்சியடையும். 235 வாற்று வெப்பமாக வெளிப்படும். அவ்வளவு வெப்பத்தைத் தாங்காது கம்பியின் காவலுறை உருகும்; மரப்பலகை வேய்ந்த படகினுள் அது தீயாக மூளும். கம்பியின் குறுக்குவெட்டு 70 சதுர மில்லிமீற்றர் ஆயின் வீழ்ச்சி 0.18 வோல்ற்றாகவும் இழப்பு 34 வாற்றாகவும் குறையும். ஆகவே கம்பி தடித்ததாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். பற்றரிக்கு அண்மையிலேயே தக்க உருகியொன்றும் இருத்தல் வேண்டும். குறுஞ்சுற்று நேரின் ஓட்டத்தை உடனே துண்டிக்க வல்லது அதுவே.

நாளாந்த வரவு செலவு

ஒரு சிறு குடும்பத்தின் ஒரு நாட்தேவையை இனிக் கணக்கிடுவோம். குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 60 வாற்று எடுக்கின்றது. நாளில் மூன்றிலொரு பங்கு நேரம் ஓடுகின்றது எனின், 480 வாற்றுமணி. தொலைக்காட்சிப் பெட்டி 40 வாற்று வீதம் 3 மணி நேரத்திற்கு 120 வாற்றுமணி. மடிக்கணினி 50 வாற்று வீதம் 4 மணி நேரத்திற்கு 200 வாற்றுமணி. இவை மூன்றும் சேர்ந்து 800. இன்வேற்றரின் இழப்பையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து செல்வது ஏறத்தாழ 890. விளக்குகளும் நீர்ப்பம்பியும் 12 வோல்ற்றிலே நேரடியாக இயங்கி 130 வாற்றுமணியை எடுக்கின்றன.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. எந்தச் சாதனமும் இயங்காத வேளையிலும் பெரிய இன்வேற்றர் தன் சொந்தத் தேவைக்கென 20 வாற்று அளவில் எடுத்துக்கொண்டிருக்கும். இருபத்துநான்கு மணி நேரத்தில் அது 480 வாற்றுமணியாகின்றது. அஃதாவது, குளிர்சாதனப் பெட்டி முழு நாளும் எடுப்பதற்குச் சமமானது. இவ்வாறு நாட்செலவு மொத்தம் ஏறத்தாழ 1500 வாற்றுமணி, அல்லது 125 அம்பியர்மணி.

இதனாற் பெறப்படும் உண்மை தெளிவானது. இரவும் பகலும் ஓட வேண்டிய சாதனம் குளிர்சாதனப் பெட்டி ஒன்றே எனின், 12 வோல்ற்றில் நேரே இயங்கும் பெட்டியை வாங்குவதே சிக்கனமாகும். விலை சற்றுக் கூடியதெனினும், அதன் பயனாக இன்வேற்றரை வேண்டிய வேளையில் மாத்திரம் இயக்கி, ஏனைய வேளையில் நிறுத்திவிடலாம்.

வெப்பம் தரும் சாதனங்களின் நிலை வேறானது. ஒரு லீற்றர் நீரை 15 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்க ஏறத்தாழ 99 வாற்றுமணி வேண்டும். இழப்புகளையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து 10 அம்பியர்மணி செல்கின்றது. ஒரு முறை தேநீர் அருந்துவதற்கு இது பெரிதன்று; நாளில் ஐந்து முறை எனின் 50 அம்பியர்மணி. அறையைச் சூடாக்கும் மின்னடுப்பு மூன்று மணி நேரத்திற் பற்றரி முழுவதையும் வெறுமையாக்கிவிடும். ஆகவேதான் கால்வாய்ப் படகுகளில் நீரைக் காய்ச்ச வாயு அடுப்பும், அறையைச் சூடாக்க விறகு அல்லது நிலக்கரி அடுப்பும், குளிப்பதற்கான நீரைச் சூடாக்க இயந்திரத்தின் கழிவு வெப்பமும் பயன்படுகின்றன. நுண்ணலை அடுப்பை வாங்குவோரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: 800 வாற்று எனக் குறிக்கப்பட்டது உணவைச் சேரும் வலு, அடுப்பு எடுக்கும் வலு 1200 வாற்றுக்கு மேலாகவும் இருக்கலாம்.

பற்றரியின் இயல்பு

110 அம்பியர்மணி கொண்ட ஈய அமிலப் பற்றரிகள் நான்கினைச் சமாந்தரமாக இணைத்தால் 440 அம்பியர்மணி கிடைக்கும். ஆனால் அதனைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் பற்றரியின் ஆயுள் விரைவிற் குன்றும். ஆகவே நாம் நம்பத்தக்கது 220 அம்பியர்மணியே. மேலே கண்ட குடும்பத்திற்கு அது இரண்டு நாள்களுக்கும் போதாது. அன்றியும், குறித்த கொள்ளளவு 20 மணி நேரத்தில் மெதுவாக எடுக்கும்போதே முழுமையாகக் கிடைப்பது. ஓட்டம் மிகும்போது கிடைக்கும் அளவு குறைகின்றது என்பதை 1897 ஆம் ஆண்டிலே பொய்க்கேற் என்னும் ஜெர்மானிய அறிஞர் விதியாக வகுத்தார்.

எடுத்ததைத் திருப்பி நிரப்புவது அதனினுங் கடினம். ஈய அமிலப் பற்றரி தன் கொள்ளளவில் நூற்றுக்கு எண்பது வரை விரைவாக ஏற்கும். எஞ்சிய பங்கை ஏற்கப் பல மணி நேரம் எடுக்கும். நிரம்பாத நிலையிலே நாட்கணக்காக விடப்படின் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படிந்து, மீளப் பயன்தராத நிலை உண்டாகும். இயந்திரத்தை ஓட்டி நிரப்பலாம் எனினும், கரையோரம் தரித்து நிற்கும் படகுகள் அயலாருக்குக் கேட்கும் வகையில் இரவு 8 மணி முதற் காலை 8 மணி வரை இயந்திரத்தை ஓட்டலாகாது என்பது, கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் அனுமதிப்பத்திர விதி.

இக்காலத்திற் பரவிவரும் இலிதியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றரிகள் கொள்ளளவில் நூற்றுக்கு எண்பது வரை தரவல்லன. பாதி நிரம்பிய நிலையாற் கேடுறுவதுமில்லை. ஆயினும் உறைநிலைக்குக் கீழ் அவற்றிற்கு மின்னேற்றலாகாது. அவை ஓட்டத்தைத் தடையின்றி ஏற்பதால், இயந்திரத்தின் பிறப்பாக்கி மிகையாகச் சூடேறிப் பழுதடைதலும் உண்டு.

கூரையிற் பதிக்கும் சூரியப் படல்கள் பெருந்துணையாவன. 400 வாற்றுப் படல் தென் இங்கிலாந்தில் யூன் மாதத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1500 வாற்றுமணி தரலாம்; நமது கணக்கிற்கு அது சரியாகப் போதும். திசெம்பர் மாதத்திலோ கிடைப்பது அதிற் பத்திலொரு பங்களவே. இருளும் குளிரும் மிக்க மாதங்களில், தேவை கூடும்போதே வரவு குறைகின்றது. படகில் வாழ்வோருக்கு மின்சாரம் உண்மையிற் சோதனையாவது அம்மாதங்களிலேயே.

உயிர்க்காப்பு

இன்வேற்றர் தரும் 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்தைப் போன்றே உயிரைப் பறிக்க வல்லது. நீர் சூழ்ந்த உருக்கு உடலினுள் அதன் ஆபத்து மேலும் பெரிது. ஆகவே இன்வேற்றரின் நடுநிலைக் கம்பி படகின் உடலோடு புவித்தொடுப்புச் செய்யப்பட்டு, 30 மில்லியம்பியர் கசிவிலே துண்டிக்கும் ரிப் சுவிச்சு பொருத்தப்படல் வேண்டும். கரையிலிருந்து மின்சாரம் பெறும் வேளையில் இன்வேற்றரின் இணைப்பு முற்றாக விலகும்படி மாற்றாளி அமைத்தல் இன்றியமையாதது. இரு மூலங்களும் ஒருங்கே சேரின் இன்வேற்றர் கணப்பொழுதில் அழியும். மின்னேற்றத்தின்போது ஈய அமிலப் பற்றரி ஐதரசன் வாயுவை வெளிவிடுவதால், அதன் இருப்பிடத்திற் காற்றோட்டம் வேண்டும்.

மின்சாரம் குறையும்போது சிலர் கையடக்க மின்பிறப்பாக்கியைப் படகின் முகப்பில் வைத்து ஓட்டுவர். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது; உறங்குவோரை எழுப்பாமலே கொல்வது. 2019 ஏப்பிரல் முதல் அங்குள்ள படகுப் பாதுகாப்புத் திட்டம் தனியார் படகுகளிலும் அவ்வாயுவை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியுள்ளது.

முடிவுரை

பிரித்தானியாவின் 230 வோல்ற்றும் 50 சுற்றும் நம் நாட்டிற்கும் உரியவை. எனவே மேலே கண்ட கணக்குகள் நமக்கும் அப்படியே பொருந்துவன. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, இன்வேற்றரும் பற்றரியும் கொண்டு சமாளித்த வீடுகள் கரையிலே நின்ற படகுகளாகவே இருந்தன எனலாம். நமக்கு ஆண்டு முழுவதும் வெயில் கிடைப்பது ஒரு பேறு. ஆனால் கணக்கிடாது வாங்கிய கருவியை வெயிலும் காப்பாற்றாது.

ஆகவே முதலில் ஒரு தாளில் நாட்செலவை எழுதுக. அடுத்து, வரவு மிகக் குறையும் மாதத்தில் என்ன கிடைக்கும் என்பதை எழுதுக. அவ்விரண்டும் பொருந்திய பின்னரே பற்றரியையும், கம்பியையும், இறுதியாக இன்வேற்றரையும் தெரிவு செய்க. இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, கருவியை முதலில் வாங்கிக் கணக்கைப் பின்னர் போடுவோர் பற்றரியை ஆண்டுக்கொருமுறை மாற்றுவதோடு, தீயையும் நச்சு வாயுவையும் தம் இல்லத்திற்குள் அழைத்துக்கொள்கின்றனர் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது.