பொங்கல் வியாபாரம் முடிந்தபின் பனிமலைக்கு: அவுலிப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

வியாபாரிக்கு விடுமுறை என்றால் ஒரு நாள் திருப்பதி, மிஞ்சினால் மூன்று நாள் ஊட்டி என்பதே நம் வழக்கம். கடையை அதற்கு மேல் விட்டுப் போக மனம் வருவதில்லை. ஆனால் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள், "பனியில் சறுக்கி விளையாடப் போகலாம்" என்று கேட்கிறார்கள். சினிமாவில் பார்த்த சுவிட்சர்லாந்து அவர்கள் மனதில் இருக்கிறது. செலவு என்ன, ஆபத்து என்ன, கடையை யார் பார்ப்பது என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் "முடியாது" என்று சொல்லிவிடுவதும் தவறு. கணக்குப் பார்க்காமல் கிளம்பிவிடுவதும் தவறு. ஆகவே அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

சுவிஸா, அவுலியா?

சுவிட்சர்லாந்தில் மியூரன் என்று ஒரு சின்ன மலைக் கிராமம் உண்டு. கார் போக வழி கிடையாது; ரயிலிலும் கம்பி வண்டியிலும்தான் ஏற வேண்டும். பனிச்சறுக்கில் கொடிகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் 'ஸ்லாலம்' பந்தயம் இன்றைய முறையில் 1922ல் அங்கேதான் தொடங்கியது. கூட்டமும் கூச்சலும் இல்லாத இடம். ஆனால் நமக்கு அங்கே போக ஷெங்கன் விசா வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அந்நியப் பணத்தில்.

நம் நாட்டிலேயே அதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய அமைதியான இடம் உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் உள்ள அவுலி. காஷ்மீரத்துக் குல்மார்க் இதைவிடப் பெரியது, கூட்டமும் அதிகம். அவுலியின் சரிவுகள் சுமார் 2,500 மீட்டரில் தொடங்கி 3,000 மீட்டருக்கு மேல் வரை போகின்றன. எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி சிகரம் தெரியும். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் நெடுங்காலமாகப் பயிற்சி பெறும் இடம் இது. 2011ல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் டேராடூனிலும் இங்கும் நடந்தன. மாநில அரசின் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் இங்கே விடுதியும் பயிற்சி வகுப்புகளும் நடத்தி வந்திருக்கிறது.

காஞ்சிவாசிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவுலிக்குக் கீழே உள்ள ஊர் ஜோஷிமட். 2024ல் அரசு அதற்கு ஜோதிர்மட் என்று பெயர் மாற்றியது. அங்குள்ள நரசிங்கர் கோயிலையே திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று பலரும் கொள்கின்றனர். வழியில் தேவப்பிரயாகையில் ரகுநாதர் கோயில். அதுவே பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். நகருக்குள்ளேயே 14 திவ்ய தேசங்களை வைத்திருக்கும் நாம், ஒரே பயணத்தில் இன்னும் இரண்டைச் சேவிக்கலாம். பத்ரிநாத் மட்டும் குளிர்காலத்தில் நடை அடைத்திருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

எந்த மாதம்?

நமக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகையில். இமயத்துக்குப் பனி வேறு திசையிலிருந்து வருகிறது. மத்திய தரைக்கடல் பக்கமிருந்து கிளம்பும் காற்றழுத்தச் சுழல்கள் ஈரத்தைச் சுமந்து மேற்கிலிருந்து வந்து இமயத்தில் மோதிப் பனியாகக் கொட்டுகின்றன. டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை பனி பெய்யலாம். நம்பிப் போகத்தக்க காலம் ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும்.

பருவமழை நமக்குப் பொய்ப்பது போல அங்கே பனியும் பொய்ப்பதுண்டு. பனி போதாமல் அவுலியில் தேசியப் போட்டிகளே தள்ளிவைக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. செயற்கைப் பனி செய்ய மேலே ஒரு ஏரி கட்டி இயந்திரங்கள் வைத்திருந்தாலும் அதை நம்பி முழுப் பணமும் முன்கூட்டிக் கட்டக் கூடாது. ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் அனுப்ப வேண்டும். சரக்கு வாங்கும்போது நாம் கேட்காமல் விடுவோமா?

நம் பக்கத்துக் காலண்டரையும் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முன் கடையை விட்டு நகர முடியாது. மாதாந்திர ஜி.எஸ்.டி. தாக்கல் ஜனவரி 20ல் முடிகிறது. ஜனவரி 26 குடியரசு தினத்தை ஒட்டி டெல்லியில் கெடுபிடி அதிகம். பிப்ரவரி 11க்குள் அடுத்த விற்பனைக் கணக்கு தாக்கல். மாசியில் காமாட்சியம்மன் பிரம்மோற்சவம். ஆக, ஜனவரி 27 முதல் பிப்ரவரி 9 வரை ஒரு இடைவெளி கிடைக்கிறது. தை முகூர்த்தங்களின் கல்யாண மளிகைப் பட்டியல்கள் அப்போது வரும் என்பது உண்மைதான். அதற்கு வழி, அண்ணன் தம்பிகளோ பங்காளிகளோ ஆண்டுக்கு ஒருவர் முறை வைத்துப் போவது.

நாள் வாரியாக

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. எனவே நவம்பர் கடைசி வாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஜனவரி 27 இரவு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் சுமார் 33 மணி நேரத்தில், 29 காலை டெல்லி. அன்றே ஹரித்வார் போய்த் தங்கலாம். ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கி.மீ.; முழுக்க மலைச்சாலை; பத்து மணி நேரம் வரை ஆகும். இதை இரண்டு நாளாகப் பிரித்து, 30ஆம் தேதி தேவப்பிரயாகை தரிசனம் முடித்து ருத்ரப்பிரயாகையில் தங்கி, 31 பகலில் ஜோஷிமட் சேர்வது நல்லது. இருட்டிய பின் அந்தச் சாலையில் பயணம் கூடவே கூடாது.

பிப்ரவரி 1 முதல் 5 வரை அவுலி. 6ல் இறங்கி, 7ல் டெல்லி வந்து இரவு ரயில் ஏறினால் 9 காலை சென்னை. டேராடூன் வரை விமானத்தில் போகிறவர்களுக்கு நான்கு நாள் வரை மிச்சம். அந்த நாட்களை அவுலியிலேயே கூட்டிக்கொள்ளலாம். மலைச்சாலையில் இரண்டு நாளை ஒன்றாக்கி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ரயிலுக்கு நம் ஊர் கோயில் இட்லி கைகொடுக்கும். மிளகு, சீரகம், சுக்கு சேர்ந்த அந்த இட்லி கெடாமல் தாங்கும் என்பது நமக்குத் தெரிந்ததே.

ஜோஷிமட்டின் இன்றைய நிலை

இதை மறைத்துப் பயணக் கட்டுரை எழுதுவது சரியல்ல. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கியது. 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு ஓட்டல்கள் இடிக்கப்பட்டன. கடும் குளிரில் பல குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல் நிற்கும் ஊர் இது, கனமான கட்டுமானங்கள் வேண்டாம் என்று மிஸ்ரா குழு 1976லேயே எச்சரித்திருந்தது.

ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்குப் போகும் சுமார் 4 கி.மீ. நீளக் கம்பிவட ஊர்தி அந்த 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் அதைத்தான் பெரிதாகப் புகழும். அதை நம்பித் திட்டம் போடாமல், சுமார் 15 கி.மீ. சாலை வழியே ஜீப்பில் ஏறுவதாகவே கணக்கிட வேண்டும். புதுப்பனி விழுந்தால் அந்தச் சாலையும் அடைபடலாம். ஒரு நாள் கைவசம் இருக்கட்டும். அவுலிக்குள் உள்ள நாற்காலி ஊர்தி இயங்குகிறதா என்பதையும் கிளம்பும் வாரத்தில் விடுதிக்குத் தொலைபேசி செய்து உறுதி செய்ய வேண்டும்.

அப்படியானால் போகலாமா? மாவட்ட நிர்வாகம் தடை விதித்திருந்தாலோ, வானிலை எச்சரிக்கை இருந்தாலோ போகக் கூடாது. இல்லையென்றால் போகலாம் என்பதே நம் கருத்து. அங்குள்ள டீக்கடைக்காரரும் மளிகைக்காரரும் பனிச்சறுக்கு சாமான் வாடகைக்கு விடுபவரும் இரண்டு மூன்று மாதச் சம்பாத்தியத்தில் ஆண்டு முழுதும் ஓட்டுகிறவர்கள். தறிச் சத்தம் நின்றால் நம் கடைகளில் வியாபாரம் என்ன ஆகும் என்று அறிந்த நமக்கு இது விளங்கும். எல்லாவற்றையும் டெல்லிப் பயண ஏஜெண்டிடம் மொத்தமாகக் கட்டிவிடாமல், ஜீப், பயிற்சியாளர், சாப்பாடு ஆகியவற்றை அந்த ஊர்க்காரர்களிடமே நேரில் பேசிக் கொடுப்பது நியாயம். பணம் அவர்கள் கல்லாவுக்கே போய்ச் சேரும்.

உடம்பும் உடையும்

மியூரன் கிராமம் சுமார் 1,640 மீட்டர் உயரம்தான். அவுலி அதைவிட மிக உயரம். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். முதல் நாள் ஜோஷிமட்டில் ஓய்வெடுப்பது இதற்காகவே. தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

நம்மில் பலருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும். பெட்டியில் வைக்காமல் உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தவறாகக் காட்டக்கூடும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சறுக்கு பூட்ஸ் போடுவதைத் தவிர்க்கலாம். பூட்ஸ் உரசிப் புண்ணானாலும் தெரியாது.

உடையில் நாம் செய்யும் பெரிய தவறு பருத்திப் பனியனை உள்ளே போடுவது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். நின்றதும் உடம்பு சில்லிட்டுவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஸ்வெட்டர், மேலே நீர் புகாத கோட்டு என மூன்று அடுக்கு வேண்டும். சரிகையில்லாத மெல்லிய பட்டும் உள்ளாடைக்கு நல்லதுதான்; எடை குறைவு, சூடு தங்கும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

சறுக்கக் கற்பது

சறுக்குக் கட்டை, பூட்ஸ், கைக்கோல் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். முதல் பாடம் நிற்பது எப்படி என்பதுதான். இரண்டு கட்டைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, ஏர்க்கொழு போல வைத்தால் வேகம் குறையும். விழுவதென்றால் பக்கவாட்டில் விழ வேண்டும்; கையை முன்னே ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். ஐந்து நாளில் யாரும் வீரர் ஆகிவிட முடியாது. தொடக்கச் சரிவில் தைரியமாக இறங்கி, நினைத்த இடத்தில் நிற்க வந்தால் போதும். தலைக்கவசம் இல்லாமல் பிள்ளைகளை விடக் கூடாது.

கடையும் கல்லாவும்

செலவை மூன்றாகப் பிரிக்கலாம்: ரயில், விடுதி போன்ற நிச்சயச் செலவு; வாடகை, பயிற்சி, ஜீப் போன்ற கூடிக் குறையும் செலவு; சாலை அடைபட்டால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கவும் அவசர வைத்தியத்துக்கும் கைக்காவல் பணம். மூன்றாவதை எடுத்து வைக்க முடியாவிட்டால் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடலாம். வட்டிக்கு வாங்கிப் போக வேண்டிய பயணம் இதுவல்ல. மருத்துவக் காப்பீடு இருப்பவர்கள் பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும். சாகச விளையாட்டு விபத்துகளை விலக்கிய பாலிசிகள் உண்டு.

கிளம்புமுன் பொங்கல் கடன் பாக்கியை வசூலித்து, மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். க்யூ.ஆர். அட்டையில் வரும் பணத்தின் செய்தி உங்கள் கைப்பேசிக்கு மட்டுமே வருகிறதென்றால், மலையில் சிக்னல் இல்லாத நேரத்தில் கடையில் இருப்பவர் திண்டாடுவார். ஒலிப்பெட்டியோ இன்னொரு எண்ணோ ஏற்பாடு செய்யுங்கள். கடையில் இருப்பவரிடம் சாவி, சப்ளையர் எண்கள், கடன் கொடுக்கலாம் என்ற வாடிக்கையாளர் பட்டியல் மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

இதற்கு ஓர் ஒத்திகை அவசியம். மார்கழிக்கு முன் இரண்டு நாள் உள்ளூரிலேயே இருந்துகொண்டு கடைப் பக்கம் போகாமல் பாருங்கள். எது எது உங்களைத் தேடி வந்ததோ அதுவெல்லாம் இன்னும் ஒப்படைக்கப்படாத வேலை. அதை ஒப்படைத்துவிட்டு, நவம்பர் கடைசியில் ரயில் டிக்கெட் எடுங்கள்.